இழுத்தாலும் குலையாத சதுரம்: ஜியோஜீப்ராவில் இயங்கு வடிவியல்

கணினித் திரையில் ஒரு சதுரம் வரையுங்கள். நான்கு முனைகளையும் கண்ணளவில் பொருத்தமான இடங்களில் வைத்தால், பார்வைக்கு அது சதுரம்தான். இப்போது ஒரு முனையைச் சுட்டியால் பிடித்துக் கொஞ்சம் இழுங்கள். பக்கம் நீளும், கோணம் சாயும், சதுரம் ஏதோ ஒரு நாற்கரமாகிவிடும். பக்கத்திலேயே இன்னொரு சதுரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் முனையை எப்படி இழுத்தாலும் அது பெரிதாகிறது, சிறிதாகிறது, சுழல்கிறது. ஆனால் சதுரமாகவே இருக்கிறது. இழுக்கும்வரை இந்த இரண்டையும் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

முதலாவது வரைந்த சதுரம், இரண்டாவது அமைத்த சதுரம். பள்ளி வடிவியலில் ஆண்டுக்கணக்காகச் சொல்லிப் பார்த்தும் பல மாணவர்களுக்குப் பிடிபடாத வேறுபாடு இது. தாளில் படம் அசையாது என்பதே அதற்குப் பெரிய காரணம். படத்தை அசைய வைக்கும் மென்பொருள்களுக்கு இயங்கு வடிவியல் மென்பொருள்கள் என்று பெயர். இன்று அவற்றில் அதிகம் புழங்குவது ஜியோஜீப்ரா. கல்விக்காகப் பயன்படுத்துபவர்களுக்கு இலவசம். உலாவியிலேயே திறக்கலாம், கைபேசியிலும் கணினியிலும் நிறுவிக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும்.

இந்த வகை மென்பொருள் புதிதல்ல. பிரான்சின் கிரெனோபிள் நகரில் 1980களில் காப்ரி உருவானது. 1991-இல் அமெரிக்காவில் ஜியோமீட்டர்ஸ் ஸ்கெட்ச்பேட் வந்தது. ஜியோஜீப்ராவை 2001-இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் ஹோஹென்வார்ட்டர் தம் முதுநிலைப் படிப்பின் ஆய்வாகத் தொடங்கினார். ஜியோமெட்ரி, அல்ஜீப்ரா என்ற இரண்டு சொற்களும் சேர்ந்த பெயர் அது. வடிவம் ஒரு பக்கம், அதன் எண்களும் சமன்பாடுகளும் இன்னொரு பக்கம். ஒன்றைத் தொட்டால் மற்றது மாறும்.

தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல்களில் 2018-க்குப் பின் வந்த கணக்குப் புத்தகங்களைப் புரட்டினால் 'இணையச் செயல்பாடு' என்ற பக்கங்கள் கண்ணில் படும். அங்கே இருக்கும் விரைவுக் குறியீட்டை (க்யூஆர்) கைபேசியால் வருடினால் அவற்றில் பல ஜியோஜீப்ரா பணித்தாள்களுக்கே போகின்றன. பாடம் முடிந்தபின் வரும் பக்கம் என்பதால் அதைத் தாண்டிப் போகிறவர்கள் அதிகம். அந்தப் பணித்தாள்களில் என்ன பார்க்க வேண்டும் என்று தெரிந்தால் அவற்றின் மதிப்பு பல மடங்காகும்.

புள்ளிகளுக்குள் இருக்கும் உறவு

சாதாரணமாகப் படம் வரையும் செயலியில் கோடு என்பது திரையில் படிந்த நிறம். ஜியோஜீப்ராவில் கோடு என்பது ஒரு விதி: 'ஏ என்ற புள்ளியிலிருந்து பி என்ற புள்ளிவரை.' ஏ-யை நகர்த்தினால் விதி அப்படியே இருக்கும், கோடு புதிதாகக் கணக்கிடப்படும். அந்தக் கோட்டின் நடுப்புள்ளியை நீங்கள் ஏற்கெனவே குறித்திருந்தால் அதுவும் கூடவே நகரும். ஏ-யும் பி-யும் பெற்றோர், கோடு பிள்ளை, நடுப்புள்ளி பேரப்பிள்ளை என்று நினைத்துக்கொள்ளலாம். பெற்றோரை அசைத்தால் பிள்ளைகள் எல்லாம் அசையும். நடுப்புள்ளியைப் பிடித்து இழுத்தால் அது வராது. அதற்குச் சொந்தமாக நகரும் உரிமை இல்லை.

புள்ளியின் நிறம் இந்த உறவைக் காட்டிக்கொடுக்கும். திரையில் எங்கும் போகக்கூடிய புள்ளி நீலம். ஒரு கோட்டின் மேலோ வட்டத்தின் மேலோ மட்டும் ஓடக்கூடிய புள்ளி வெளிர்நீலம். மற்றவற்றை முழுக்கச் சார்ந்த புள்ளி கருப்பு அல்லது கருஞ்சாம்பல். யாராவது நிறத்தை மாற்றி வைத்திருந்தால் ஒழிய, ஒரு படத்தைத் திறந்ததுமே எதைப் பிடித்து இழுக்கலாம் என்று இந்த மூன்று நிறங்களைக்கொண்டே சொல்லிவிடலாம்.

சதுரத்தை அமைப்போம்

ஜியோஜீப்ராவின் கிளாசிக் பதிப்பைத் திறந்து கொள்ளுங்கள். முதல் வேலையாகப் பின்னணியில் இருக்கும் கட்டங்களை அணைத்துவிடுங்கள். இதை ஏன் முதலில் சொல்கிறோம் என்றால், கட்டம் தெரியும்போது புள்ளிகள் கட்டத்தின் முனைகளில் தானாக ஒட்டிக்கொள்ளும். கண்ணளவில் வைத்த நான்கு புள்ளிகள்கூட மிகச் சரியாகச் சதுரத்தில் உட்கார்ந்துவிடும். கோணத்தை அளந்தாலும் 90° என்றே காட்டும். மாணவர் தாம் சதுரத்தை அமைத்துவிட்டதாக நம்புவார். இழுத்தால்தான் குட்டு வெளிப்படும்.

கோட்டுத்துண்டுக் கருவியால் ஏபி வரையுங்கள். செங்குத்துக் கோட்டுக் கருவியை எடுத்து ஏ-யையும் பிறகு ஏபி-யையும் சொடுக்கினால், ஏ வழியாக ஏபி-க்குச் செங்குத்தான கோடு வரும். அடுத்து வட்டம். ஏ மையம், பி வழியாகச் செல்லும் வட்டம். செங்குத்துக் கோடும் வட்டமும் இரண்டு இடங்களில் வெட்டும். வெட்டுப்புள்ளிக் கருவியால் மேலே இருப்பதைக் குறியுங்கள். இதுதான் சதுரத்தின் மூன்றாவது முனை. பிறகு பி வழியாக ஏபி-க்கு ஒரு செங்குத்துக் கோடு, மூன்றாவது முனை வழியாக ஏபி-க்கு ஓர் இணைகோடு. இரண்டும் வெட்டும் இடம் நான்காவது முனை. பலகோணக் கருவியால் நான்கையும் வரிசையாகச் சுற்றி வந்து தொடங்கிய புள்ளியிலேயே முடியுங்கள்.

வட்டம் எதற்கு? கவராயத்தால் ஒரு நீளத்தை எடுத்து இன்னோர் இடத்தில் வைப்பதற்குச் சமம் அது. ஏ-யிலிருந்து பி எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரத்தில் இருக்கும் எல்லாப் புள்ளிகளும் அந்த வட்டத்தில் இருக்கின்றன. அவற்றில் செங்குத்தாகவும் இருப்பது எது என்று கோடு சொல்லிவிடுகிறது. சம பக்கம் என்ற நிபந்தனைக்கு ஒரு வட்டம், செங்கோணம் என்ற நிபந்தனைக்கு ஒரு கோடு. சதுரத்தின் வரையறையையே இரண்டு கருவிகளாக மாற்றியிருக்கிறோம்.

இங்கே தவறு நடப்பது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். வட்டம் வரையும்போது பி-யின் மேல் சொடுக்காமல் பி-க்கு மயிரிழை பக்கத்தில் சொடுக்கிவிடுவது. வட்டம் பி வழியாகப் போவதுபோலவே தெரியும். உண்மையில் அது புதிதாக முளைத்த வேறொரு புள்ளி வழியாகப் போகிறது. பி-யை இழுத்ததும் வட்டம் அங்கேயே நின்றுவிடும், சதுரம் செவ்வகமாகும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. மென்பொருள் புள்ளிகளுக்கு ஏ, பி, சி என்று வரிசையாகப் பெயர் வைக்கும். நீங்கள் எதிர்பாராத எழுத்து ஒன்று திரையில் வந்தால் அந்த இடத்தில் தேவையற்ற புள்ளி முளைத்திருக்கிறது. உடனே ஒரு படி பின்னால் போய்த் திருத்துங்கள். பத்துப் படி கழித்துத் திருத்துவது பெரும்பாடு.

இன்னொன்று. சதுரம் வந்ததும் உதவிக்கு வரைந்த வட்டமும் கோடுகளும் உறுத்தலாகத் தெரியும். அழித்துவிடலாம் என்று கை போகும். வட்டத்தை அழித்தால் அதன் பிள்ளையான மூன்றாவது முனையும் போகும், அதோடு சதுரமும் போகும். அழிக்காமல் மறைக்க வேண்டும். இடப்பக்கப் பட்டியலில் ஒவ்வொரு பொருளின் அருகிலும் சிறு வட்டக் குறி இருக்கும். அதைச் சொடுக்கினால் பொருள் கண்ணுக்கு மறையும், உறவு நிலைத்திருக்கும்.

கடைசியாக, ஏ-யையும் பி-யையும் தனித்தனியே பிடித்து நன்றாக இழுத்துப் பாருங்கள். பயந்து பயந்து அல்ல. ஏ-யை பி-யைத் தாண்டி அந்தப் பக்கம் கொண்டுபோங்கள், இரண்டையும் மிக நெருக்கமாக வையுங்கள். எல்லா நிலையிலும் சதுரம் நின்றால் உங்கள் அமைப்பு சரி. இதற்குத்தான் இழுவைச் சோதனை என்று பெயர்.

எத்தனை விதமாக அசையும்?

இழுவைச் சோதனையிலிருந்து அழகான ஒரு கணக்கு பிறக்கிறது. திரையில் ஒரு புள்ளியை வைக்க இரண்டு எண்கள் வேண்டும்: இடவலமாக எவ்வளவு, மேல்கீழாக எவ்வளவு. நான்கு புள்ளிகளும் கட்டற்று இருக்கும் நாற்கரத்துக்கு ஆக 8 எண்கள். சதுரத்தில் ஏ, பி இரண்டு மட்டுமே நீலம். மற்ற இரண்டும் கருப்பு. ஆக 4 எண்கள்தான். இருக்கும் இடத்துக்கு இரண்டு, அளவுக்கு ஒன்று, திரும்பியிருக்கும் திசைக்கு ஒன்று.

இப்போது செவ்வகம். சதுரத்தில் வட்டத்தை எடுத்துவிட்டு மூன்றாவது முனையைச் செங்குத்துக் கோட்டின் மேல் எங்கு வேண்டுமானாலும் வைக்கலாம் என்று விடுங்கள். அந்தப் புள்ளி வெளிர்நீலமாகும். ஒரே ஓர் எண் கூடும். செவ்வகத்துக்கு 5. சாய்சதுரத்தில் செங்குத்துக் கோடுகளை எடுத்துவிட்டு மூன்றாவது முனையை வட்டத்தின் மேல் ஓட விடுகிறோம், நான்காவதை இணைகோடுகளால் பிடிக்கிறோம், அதற்கும் 5. மூன்று முனைகளையும் கட்டற்று விட்டு நான்காவதை இணைகோடுகளால் பிடித்தால் இணைகரம், 6. நான்காவது முனை ஓர் இணைகோட்டின் மேல் ஓடட்டும் என்று விட்டால் சரிவகம், 7.

சதுரம் ஒரு செவ்வகமா என்று கேட்டால் ஆறாம் வகுப்பு மாணவர் பலர் இல்லை என்பார்கள். இரண்டுக்கும் வேறு பெயர், வேறு படம். அவர்கள் இல்லை என்பதில் நியாயம் இருக்கிறது. வரையறையை மறுபடி மறுபடி ஒப்பிக்கச் சொல்வதைவிட, அமைத்த செவ்வகம் ஒன்றைக் கையில் கொடுத்து 'இதை இழுத்துச் சதுரமாக்க முடியுமா?' என்று கேளுங்கள். முடியும். வெளிர்நீலப் புள்ளியை ஒரு குறிப்பிட்ட இடத்துக்குக் கொண்டுபோனால் போதும். அடுத்து சதுரத்தைக் கொடுத்து 'இதை நீளமான செவ்வகமாக்கு' என்று சொல்லுங்கள். எவ்வளவு போராடினாலும் ஆகாது. செவ்வகங்களின் கூட்டத்துக்குள் சதுரங்கள் இருக்கின்றன, மாறாக அல்ல என்பதை விரல் நுனியே உணர்ந்துவிடும். இந்தப் பயிற்சிக்கு ஐந்து நிமிடம் போதும். இதைவிடச் சுருக்கமாக இந்தக் கருத்தைச் சேர்க்க வேறு வழி இருப்பதாகத் தெரியவில்லை.

'பாதிக்கு மேல்' ஏன்?

ஒரு கோட்டுத்துண்டை நடுவில் செங்குத்தாக வெட்டும் மையக் குத்துக்கோடு வரையும்போது ஆசிரியர் சொல்வார்: கோட்டின் நீளத்தில் பாதிக்கு மேல் ஆரம் எடுத்துக்கொள். எல்லாரும் எடுத்துக்கொள்வார்கள். ஏன் என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. ஜியோஜீப்ராவில் மையக் குத்துக்கோட்டுக்கென்றே ஆயத்தக் கருவி இருக்கிறது. அதைத் தொடாமல் பழைய முறையிலேயே செய்து பார்ப்போம்.

6 அலகு நீளத்தில் ஏபி வரையுங்கள். 'ஆரம்' என்று ஒரு ஸ்லைடரை, அதாவது நகர்த்தி எண்ணை மாற்றும் பட்டையை, உருவாக்கி அதன் வரம்பை 0 முதல் 10 வரை வையுங்கள். ஏ-யை மையமாகக் கொண்டு அந்த ஆரத்தில் ஒரு வட்டம், பி-யை மையமாகக் கொண்டு அதே ஆரத்தில் இன்னொரு வட்டம். இரண்டும் வெட்டும் மேல் புள்ளியையும் கீழ்ப் புள்ளியையும் குறித்து, இரண்டையும் கோட்டால் இணையுங்கள்.

ஸ்லைடரை 5-இல் வைத்தால் மேல் புள்ளி ஏபி-யின் நடுவிலிருந்து 4 அலகு உயரத்தில் இருக்கும்; 3, 4, 5 என்ற செங்கோண முக்கோணம் அங்கே ஒளிந்திருக்கிறது. மெல்ல ஆரத்தைக் குறையுங்கள். இரண்டு புள்ளிகளும் ஒன்றை ஒன்று நோக்கி இறங்கி ஏறும், ஆனால் கோடு அசையாது. ஆரம் சரியாக 3 ஆகும்போது இரண்டும் ஒன்றாகிவிடும். ஒரே புள்ளி வழியாகக் கோடு வரைய முடியாது, கோடு மறையும். 3-க்குக் கீழே வட்டங்கள் தொடவே மாட்டா, புள்ளிகளும் காணாமல் போகும். இடப்பக்கப் பட்டியலில் அவை வரையறுக்கப்படாதவை என்று நிற்கும். இது பிழைச்செய்தி அல்ல. அப்படி ஒரு புள்ளி இல்லை என்ற கணித உண்மை. மறுபடி ஆரத்தைக் கூட்டினால் எல்லாம் திரும்பி வரும்.

இங்கே தாளுக்கும் பயன்படும் ஒரு பாடம் இருக்கிறது. ஆரத்தை 3.1 என்று வைத்தாலும் 'பாதிக்கு மேல்' என்ற நிபந்தனை நிறைவேறிவிடுகிறது. ஆனால் அப்போது இரண்டு புள்ளிகளுக்கும் இடைத்தூரம் சுமார் 1.6 அலகுதான். தாளில் அது 1.6 சென்டிமீட்டர். பென்சில் முனை ஒரு மில்லிமீட்டர் விலகினால் கோடு ஏறத்தாழ 3.7° சாய்ந்துவிடும். 5 சென்டிமீட்டர் ஆரம் எடுத்தால் இடைத்தூரம் 8 சென்டிமீட்டர். அதே ஒரு மில்லிமீட்டர் விலகலுக்குச் சாய்வு 0.7° மட்டும். முக்கோணத்தின் மூன்று மையக் குத்துக்கோடுகளும் ஒரே புள்ளியில் சந்திக்காமல் தாளில் ஒரு குட்டி முக்கோணம் விழுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். ஆரத்தைத் தாராளமாக எடுக்கச் சொல்லுங்கள். மூன்றும் சந்திக்கும் சுற்றுவட்ட மையம் ஒழுங்காக விழும்.

அளவுகள் ஏமாற்றும் இடங்கள்

கோணக் கருவியில் மூன்று புள்ளிகளைச் சொடுக்க வேண்டும். நடுவில் சொடுக்குவது கோணத்தின் முனை. மென்பொருள் கடிகாரச் சுற்றுக்கு எதிர்த்திசையில் அளக்கும். எனவே 60° வர வேண்டிய இடத்தில் 300° வந்தால் மென்பொருள் கெட்டுப்போகவில்லை. நீங்கள் எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்கிவிட்டீர்கள். வரிசையை மாற்றிச் சொடுக்குங்கள். ஆனாலும் முனையை இழுத்து முக்கோணத்தைப் புரட்டினால் திரும்பவும் 300° வரும். அந்தக் கோணத்தின் பண்புகளுக்குள் போய் 0° முதல் 180° வரை என்ற வரம்பைத் தேர்ந்தால் இந்தத் தொல்லை தீரும். நாற்கரங்களுக்கு மட்டும் இதைச் செய்யாதீர்கள். ஒரு முனை உள்ளே குழிந்த நாற்கரத்தில் உட்கோணம் ஒன்று 180°-ஐத் தாண்டும். வரம்பு போட்டிருந்தால் மென்பொருள் வெளிப்பக்கத்தை அளக்கும், நான்கின் கூடுதல் 360° வராது.

அடுத்தது தசம இடங்கள். முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் காட்டி, திரையில் தெரியும் எண்களைக் கூட்டச் சொன்னால் சில நேரம் 179.99° வரும். உண்மைக் கோணங்கள் 45.234°, 61.334°, 73.432° என்று இருந்தால் கூடுதல் சரியாக 180°. திரையில் இரண்டு தசம இடத்துக்குத் தெரிவதோ 45.23, 61.33, 73.43. கூட்டினால் 179.99. மாணவர் இதைக் கவனித்துக் கேட்டால் மகிழுங்கள். முழுமையாக்குவது என்ற கருத்தைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான நேரம் வராது.

இழுத்துக் கண்டுபிடிப்பது, பிறகு ஏன் என்று கேட்பது

ஏதாவது ஒரு நாற்கரம் வரையுங்கள், எவ்வளவு கோணலாக இருந்தாலும் சரி. நான்கு பக்கங்களின் நடுப்புள்ளிகளையும் குறித்து அவற்றை வரிசையாக இணையுங்கள். உள்ளே உருவாகும் நாற்கரம் எப்படி இருக்கிறது? வெளி நாற்கரத்தின் முனைகளை மனம்போல் இழுங்கள். உள்ளே இருப்பது எப்போதும் இணைகரம். வெளி நாற்கரத்தை உள்ளே குழித்தாலும் இணைகரம். ஒரு பக்கம் இன்னொன்றை வெட்டும்படி முறுக்கினாலும் இணைகரம்.

பிரெஞ்சுக் கணிதவியலர் பியர் வரிஞோன் கண்ட தேற்றம் இது. அவர் 1722-இல் மறைந்தார். தேற்றம் 1731-இல் அச்சானது. தாளில் இரண்டு மூன்று படம் போட்டுக் காட்டினால் மாணவர் தலையசைப்பார். தாமே இழுத்துப் பார்க்கும்போது அவருக்கே சந்தேகம் வரும்: இவ்வளவு கோணலான ஒன்றுக்குள் இவ்வளவு ஒழுங்கு எங்கிருந்து வந்தது? அந்தச் சந்தேகம் வந்த கணத்தில்தான் நிரூபணம் தேவைப்படுகிறது.

வெளி நாற்கரத்தின் ஒரு மூலைவிட்டத்தை வரையுங்கள். நாற்கரம் இரண்டு முக்கோணங்களாகப் பிரியும். ஒரு முக்கோணத்தின் இரண்டு பக்க நடுப்புள்ளிகளை இணைக்கும் கோடு மூன்றாவது பக்கத்துக்கு இணை, நீளத்தில் பாதி. மறுபக்க முக்கோணத்துக்கும் அதேதான். ஆக உள் நாற்கரத்தின் எதிர்ப்பக்கங்கள் இரண்டும் அதே மூலைவிட்டத்துக்கு இணை, அதன் பாதி நீளம். இணைகரம் என்பதற்கு அது போதும். ஒரு கோடு சேர்த்ததும் புதிர் அவிழ்ந்துவிடுகிறது.

இத்தோடு நிறுத்திவிட வேண்டாம். உள்ளே செவ்வகம் வர வெளியே என்ன இருக்க வேண்டும்? மூலைவிட்டங்கள் செங்குத்தாக வெட்ட வேண்டும். சாய்சதுரம் வர? மூலைவிட்டங்கள் சமமாக இருக்க வேண்டும். வெளி நாற்கரம் குவிந்திருக்கும்போது பரப்புக் கருவியால் இரண்டையும் அளந்தால் உள்ளிருப்பது வெளியிருப்பதில் சரிபாதி என்று தெரியும். நான்கு மூலைகளிலும் வெட்டுப்பட்ட முக்கோணங்களை எதிரெதிர் ஜோடியாகச் சேர்த்துப் பாருங்கள். ஒவ்வொரு ஜோடியும் மொத்தப் பரப்பில் கால் பங்கு. இரண்டு ஜோடி சேர்ந்து பாதி போனால் மீதி பாதி.

இழுத்துப் பார்த்தது நிரூபணம் ஆகாது

இந்த மென்பொருளின் மிகப் பெரிய ஆபத்து இதுதான்: நிறைய நிலைகளில் பார்த்தாயிற்று, எல்லாவற்றிலும் சரியாக இருந்தது, எனவே உண்மை என்று முடிவு கட்டிவிடுவது. அதை உடைக்க ஓர் எடுத்துக்காட்டை வகுப்பில் கட்டாயம் வைக்க வேண்டும்.

ஒரு கோணத்தை மூன்று சம பாகமாக்க இப்படி ஒரு வழி தோன்றும். முனையை மையமாக வைத்து வட்டம் வரைந்து, அது இரண்டு கதிர்களையும் வெட்டும் புள்ளிகளை நாணால் இணைக்க வேண்டும். நாணை மூன்று சம துண்டாக்கி, அந்த இரண்டு பிரிப்புப் புள்ளிகளையும் முனையோடு இணைத்தால் கோணம் மூன்றாகப் பிரியும். நாண் சமமாகப் பிரிந்தால் கோணமும் சமமாகப் பிரியும் என்று மனம் நம்பத் துடிக்கும்.

கோணத்தை 6°-இல் வைத்து அளந்தால் திரையில் மூன்றும் 2.00°. 30°-இல் வைத்து, தசம இடமில்லாமல் காட்டச் சொன்னால் 10, 10, 10. தாளில் பாகைமானி வைத்தாலும் இதேதான் வரும். தசம இடம் இரண்டாக்கினால் 9.90, 10.21, 9.90 என்று முதல் விரிசல் தெரியும். 60°-க்கு இழுங்கள்: 19.11, 21.79, 19.11. 120°-க்கு இழுங்கள்: 30, 60, 30. நடுக்கோணம் மற்றவற்றைப்போல் இரு மடங்கு. நடுத்துண்டு முனைக்கு அருகில் இருக்கிறது, ஓரத்துத் துண்டுகள் தொலைவில் சாய்ந்து கிடக்கின்றன. சம நீளமுள்ள துண்டுகளில் அருகிலிருப்பதுதான் கண்ணுக்கு அகலமாகத் தெரியும். சிறிய கோணங்களில் அந்த வேறுபாடு இரண்டாம் தசம இடத்துக்கும் கீழே ஒளிந்திருந்தது.

அளவுகோலும் கவராயமும் மட்டும் வைத்து எந்தக் கோணத்தையும் மூன்றாகப் பிரிக்கும் பொதுவழி கிடையாது என்று பியர் வான்ட்ஸெல் 1837-இல் நிரூபித்தார். அந்த நிரூபணம் பள்ளிக்கு அப்பாற்பட்டது. ஆனால் 6°-இல் உண்மைபோல் இருந்த ஒன்று 120°-இல் பொய்யாவதைப் பார்த்த மாணவர், அடுத்த முறை எல்லைவரை இழுத்துப் பார்க்காமல் எதையும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

வகுப்புக்குக் கொண்டுபோகும்போது

ஜியோஜீப்ரா தளத்தில் உலகெங்கும் உள்ள ஆசிரியர்கள் செய்து வைத்த பணித்தாள்கள் ஏராளம். தரம் ஒன்றுபோல் இருக்காது. திறந்ததும் முதலில் நீலப் புள்ளிகளை முரட்டுத்தனமாக இழுத்துப் பாருங்கள். படம் உடைந்தால் மூடிவிடலாம். பிறகு பாருங்கள், மாணவர் செய்ய ஏதாவது இருக்கிறதா, அல்லது ஸ்லைடரை நகர்த்தி வேடிக்கை பார்ப்பது மட்டுமா? விடையையே திரையில் எழுதி வைத்திருக்கும் பணித்தாள்களைத் தவிருங்கள். பிடித்த ஒன்று கிடைத்தால், அனுமதி இருக்கும் இடத்தில், அதை நகலெடுத்துத் தமிழில் கேள்விகளை மாற்றி எழுதிக்கொள்ளலாம்.

ஒரு கோப்பில் ஒரு கேள்வி போதும். மாணவர் இழுப்பதற்கு முன் என்ன நடக்கும் என்று நோட்டில் எழுதட்டும், பிறகு இழுக்கட்டும். எழுதாமல் இழுத்தால் எதைப் பார்த்தாலும் 'தெரிந்ததுதான்' என்று தோன்றிவிடும். முக்கோணத்தின் மூன்று குத்துயரங்களும் சந்திக்கும் செங்கோட்டு மையம் எங்கே இருக்கும் என்று கேளுங்கள். பெரும்பாலோர் முக்கோணத்துக்குள் என்றே எழுதுவார்கள், புத்தகப் படங்கள் பெரும்பாலும் குறுங்கோண முக்கோணங்களாக இருப்பதால். ஒரு கோணத்தை மெல்ல விரித்து 90°-க்குக் கொண்டுவந்தால் செங்கோட்டு மையம் அந்த முனையிலேயே போய் உட்காரும். 90°-ஐத் தாண்டினால் வெளியே போய்விடும். எழுதி வைத்த விடை பொய்யாவதைப் பார்த்த மாணவர் அந்தப் பாடத்தை எளிதில் மறக்க மாட்டார்.

வகுப்பில் கணினிகளோ கைக்கணினிகளோ இருந்தால், பணித்தாளிலிருந்து ஒரு வகுப்பை உருவாக்கிக் குறியீட்டைப் பலகையில் எழுதலாம். மாணவர்கள் கணக்குத் தொடங்காமலே குறியீட்டையும் பெயரையும் இட்டு நுழைவார்கள். ஒவ்வொருவர் திரையும் ஆசிரியருக்கு உடனுக்குடன் தெரியும். யார் சதுரத்தை அமைத்தார், யார் வரைந்தார் என்று சந்தேகம் வந்தால் அமைப்பு நெறிமுறை என்ற பட்டியலைத் திறந்தால் போதும். எந்தப் படி எதற்குப்பின் வந்தது என்று வரிசையாக இருக்கும்.

கைபேசியில் செய்யும்போது விரலே புள்ளியை மறைத்துவிடும். புள்ளியின் அளவைப் பெரிதாக்கி, பெயர்களைத் தள்ளி வையுங்கள். ஒரே ஒரு திரைவீழ்த்திதான் இருக்கிறது என்றால் ஆசிரியரே இழுத்துக் காட்டாமல் ஒரு மாணவரை அழைத்து, வகுப்பிலிருக்கும் மற்றவர்கள் 'எந்தப் புள்ளியை, எந்தப் பக்கம்' என்று சொல்ல, அவர் இழுக்கட்டும்.

கவராயத்தைப் பைக்குள் வைத்துவிட வேண்டியதில்லை. தேர்வு தாளில்தான் நடக்கிறது; அதைவிட முக்கியமாக, கை நடுங்கி வட்டம் கோணலாகும் அனுபவமும் மாணவருக்குத் தேவை. முதலில் தாளில் ஒரு சுற்றுவட்டம் வரையச் சொல்லுங்கள். பிறகு அதே படிகளைத் திரையில் செய்யட்டும். ஏ-யைப் பிடித்து இழுத்து, தாளில் தாம் போட்ட முக்கோணத்தின் வடிவத்துக்கே கொண்டுவரட்டும். நோட்டிலிருக்கும் மையமும் திரையிலிருக்கும் மையமும் பொருந்தவில்லை என்றால், தாளில் எந்தப் படி வழுவியது என்று தேடுவதே அன்றைய வீட்டுப்பாடம்.